விரைவில் வருகிறது!

வந்துவிட்ட படத்தைப் பார்த்து பயப்படுவதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை சார். டிக்கெட் வாங்கி, ஏ.சி.யில் உட்கார்ந்து, டைரக்டர் சவுண்டைக் கூட்டுகிற இடத்தில் 'ஆ'வென்று அலற யாராலும் முடியும். இன்னும் வராத படத்தைப் பார்த்து, ஐந்து மாதம் முன்கூட்டியே, சொந்த வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பயப்படுவதற்குத்தான் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி எனக்கு நிறையவே உண்டு.

நான் டிரெய்லர் ரசிகன். படத்தை விட டிரெய்லர் எனக்குப் பிடிக்கும். இதற்காக ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் டிரெய்லர் பார்த்தவுடன் தோன்றியது, வலது பக்கம் படம் பார்த்தபின் தோன்றியது. நான் பி.காம். படித்தேன் என்பதற்கு வீட்டில் இருக்கிற ஒரே அத்தாட்சி இந்த நோட்டுதான். (சர்டிபிகேட் பரணில் எங்கேயோ இருக்கிறது. எலியிடம் கேட்டால் தெரியும்.)

பேய்ப் படம், அதிலும் விண்வெளிப் பேய்ப் படம் என்றால் இடது பக்கம் தாராளமாக நிரம்பிவிடும். வலது பக்கம் பெரும்பாலும் 'பரவாயில்லை' என்ற ஒரே வார்த்தையோடு நிற்கும்.

ஒளிக்கத் தெரிந்தவன்தான் நல்ல டிரெய்லர்காரன் என்பது என் கட்சி. 2007-ல் அமெரிக்காவில் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்துக்கு முன்னால் ஒரு துண்டுப் படம் ஓட்டினார்கள். ஒரு பார்ட்டி, ஒரு சத்தம், மொட்டை மாடிக்கு ஓட்டம். சுதந்திர தேவி சிலையின் தலை தெருவில் வந்து விழுகிறது. கடைசியில் ஒரு தேதி மட்டும். படத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை! 'என்ன படம்டா அது?' என்று ஒரு தேசமே தலையைப் பிய்த்துக்கொண்டது. பிற்பாடுதான் அது 'க்ளோவர்ஃபீல்ட்' என்று தெரிந்தது. அந்த ஜந்து எப்படி இருக்கும் என்று மனுஷர்கள் ஆறு மாதம் தாங்களாகவே கற்பனை செய்து, தாங்களாகவே பயந்து, தாங்களாகவே காசு கொடுத்துப் போனார்கள்.

இதற்கு நேர் எதிர், 2012-ல் வந்த 'பிரோமிதியஸ்'. படத்தின் உச்சக்கட்டத்தில் ஒரு விண்கலம் இன்னொன்றின் மேல் போய் மோதும். அதை டிரெய்லரிலேயே காட்டிவிட்டார்கள். கல்யாணத்துக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, பாயசத்தைக் கையில் ஊற்றி, 'சரி, கிளம்புங்க' என்கிற மாதிரி.

இந்த வித்தையில் பாட்டனார் 1979-ல் வந்த 'ஏலியன்'தான். டைரக்டர் ரிட்லி ஸ்காட். அதன் டிரெய்லரில் கிட்டத்தட்ட வசனமே கிடையாது. ஒரு முட்டை. அதில் ஒரு விரிசல். விரிசலிலிருந்து வெளிச்சம். பிறகு ஓட்டம், சைரன், யாரோ அலறுகிறார்கள். போஸ்டரிலும் அதே முட்டைதான். வேடிக்கை என்னவென்றால், படத்தில் வருகிற முட்டை அப்படி இருக்கவே இருக்காது. அது ஆள் இடுப்பு உயரத்துக்கு, தோல் மூட்டை மாதிரி, நம்மூர் பலாப்பழத்துக்கு வயிற்றுவலி வந்தாற்போல இருக்கும். போஸ்டரில் இருப்பதோ சாட்சாத் கோழி முட்டை ஜாதி. ஆம்லெட் போடுகிற சமாசாரத்தைக் காட்டி உலகத்தையே நடுங்க வைத்தார்கள் என்றால் சும்மாவா?

உள்ளே நடந்ததும் சமையலறை, மீன் மார்க்கெட் விவகாரம்தான். முட்டைக்குள் ஏதோ துடிப்பது நிழலாகத் தெரியும் இல்லையா? அது ரப்பர் உறை மாட்டிய ரிட்லி ஸ்காட்டின் கைகள். முட்டையின் உட்புறத்துக்கு மாட்டு இரைப்பை. முகத்தைக் கவ்வுகிற அந்த ஜந்துவைக் கவிழ்த்துப் போட்டு ஆராய்வார்களே, அதற்குள் இருந்தது சிப்பி, மட்டி வகையறா. ஆளுயர ஏலியனாக நடித்தவர் போலாஜி படேஜோ என்கிற நைஜீரியர். ஏறக்குறைய ஏழு அடி. லண்டனில் ஒரு மதுக்கடையில் தற்செயலாகக் கண்ணில் பட்டவர். ரப்பர் சட்டைக்குள் மாதக்கணக்கில் வெந்தாரே தவிர, திரையில் ஏலியன் தெரிகிற நேரத்தைக் கூட்டினால் சுமார் நாலு நிமிஷம்தான் தேறும். மீதி நேரமெல்லாம் நாமே பயந்துகொள்ள வேண்டியது. சுயசேவைப் பிரிவு!

இவ்வளவும் தெரிந்த ஒருவன் பயப்படக் கூடாதுதான். ஆனால், 2024 மார்ச் 20-ம் தேதி 'ஏலியன்: ரோமுலஸ்' படத்தின் டீசர் வெளியானபோது நான் சாதாரண நிலையில் இல்லை. என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

டீசர் ஒன்றரை நிமிஷம் சொச்சம். பாழடைந்த கப்பலின் நடைபாதை. யாரோ எங்கோ கதறுகிறார்கள். முகம் கவ்விகள் ஒன்றிரண்டாக அல்ல, கும்பலாக ஓடி வருகின்றன. ஒரு பெண்ணின் முகத்தில் ஒன்று ஒட்டிக்கொள்கிறது. பிய்த்து எடுக்கப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

நோட்டை எடுத்து இடது பக்கத்தில் வேகமாக எழுதினேன். 'டைரக்டர் ஃபெடே அல்வாரெஸ். உருகுவேக்காரர். 2009-ல் வெறும் 300 டாலரில் ஒரு குறும்படம் எடுத்து இணையத்தில் போட்டு, அதை வைத்தே ஹாலிவுட்டுக்குள் நுழைந்த ஆசாமி. சிக்கனம் தெரிந்தவர், நம்பலாம். 2016-ல் 'டோன்ட் ப்ரீத்' எடுத்தவர். கண் தெரியாத கிழவன் வீட்டில் திருடப் போய் மூன்று பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற படம். இருட்டும் நிசப்தமும் இவருக்குக் கைவந்த கலை. சுவிட்ச், பட்டன், கண்ணைக் கூசுகிற பழைய கம்ப்யூட்டர் திரை எல்லாம் 1979 மாதிரியே. கதை முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் நடுவில் நடக்கிறதாம். வசனத்தைக் காட்டவில்லை. நல்ல சகுனம்.'

அடுத்த வரி எழுதுவதற்குள் முதுகுக்குப் பின்னால் கொறிக்கிற சத்தம். என் மனைவி, கையில் நெல்லிக்காயும் உப்பும்.

"என்னங்க அது, மூஞ்சியில நண்டு?"

"நண்டு இல்ல. அது வாய் வழியா ஒரு... ஒண்ணுமில்ல விடு. நீ பார்க்காதே."

"முட்டை வைக்கும். வயித்துக்குள்ள வளரும். அப்புறம் வெளியில வரும். அதானே? போன வருஷம் நீங்கதானே கதை சொன்னீங்க?" என்று இன்னொரு நெல்லிக்காயைக் கடித்தாள். "எனக்கும் உள்ளே ஒண்ணு காலால உதைச்சுக்கிட்டுதான் இருக்கு. நான் பயப்படலை. வெறுமனே உட்கார்ந்திருக்கற உங்களுக்கு என்ன?"

நியாயமான கேள்வி. பதில் இருந்தது. சொல்லவில்லை.

வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 2022-ல் எங்களுக்கு ஒரு குழந்தை வருவதாக இருந்தது. ஒன்பதாவது வாரத்து ஸ்கேனில் திரை இருந்தது, படம் இருந்தது, ஆனால் ஆட்டம் இல்லை. டாக்டரம்மா அந்தக் கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து என் மனைவியின் வயிற்றை அவரே துடைத்துவிட்டு, "உட்காரும்மா" என்றார். அவர் வேறெதுவும் சொல்வதற்கு முன்பே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

அதிலிருந்து எனக்குக் கறுப்பு வெள்ளையில் தெளிவில்லாமல் எதைக் காட்டினாலும் வயிற்றில் புளி கரையும். டீசர் வந்த இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, எங்களுக்கு இருபதாவது வாரத்து ஸ்கேன். குழந்தைக்குத் தலை, முதுகெலும்பு, இருதயம், கை, கால் எல்லாம் சரியாக அமைந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிற பெரிய ஸ்கேன். படத்தில் அந்த ஜந்து அசைந்துவிடக் கூடாதே என்று பயப்படுகிறோம். ஸ்கேன் அறையில் அசையாமல் இருந்துவிடக் கூடாதே என்று. எனக்கு அந்த வாரம் இரண்டும் கலந்துபோய்விட்டது.

இடையில் குளவி வேறு.

எங்கள் வீட்டு ஹாலில், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில், ஒரு மண் குளவி கூடு கட்ட ஆரம்பித்திருந்தது. நான் விளக்குமாற்றை எடுத்தேன். அம்மா பாய்ந்து வந்து பிடுங்கினாள்.

"ஏண்டா, உனக்குப் புத்தி இருக்கா? புள்ளைத்தாச்சி இருக்கற வீட்டுலதாண்டா குளவி கூடு கட்டும். அதைப் போய்க் கலைக்கறேங்கறியே!"

இந்த நம்பிக்கை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் தொட்டில் ஆடும். எதிர் வீட்டு மாமி வந்து கூட்டின் அமைப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்றே சொல்லிவிட்டுப் போனார். ஸ்கேன் சென்டர்காரர் இதைச் சொன்னால் 1994-ம் வருஷத்துச் சட்டப்படி உள்ளே தள்ளிவிடுவார்கள். குளவிக்கும் மாமிக்கும் சட்டம் பொருந்தாது போலிருக்கிறது.

எனக்குத்தான் அந்தக் கூட்டுக்குள் நடப்பது தெரியும். குளவி ஒரு பச்சைப் புழுவைப் பிடித்துக் கொட்டும். புழு சாகாது. கை கால் விழுந்த மாதிரி கிடக்கும். அதைக் கொண்டுபோய்க் கூட்டுக்குள் அடைத்து, முட்டையையும் வைத்து, மண்ணால் வாயைப் பூசிவிட்டுப் போய்விடும். முட்டையிலிருந்து வருகிற குட்டிக்கு அந்தப் புழுதான் சாப்பாடு. புழு கெட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான் உயிரோடு வைப்பது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்காரி செய்கிற ஏற்பாடு! நாம் என்ன சொல்லி வைத்திருக்கிறோம்? குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகிறது என்று. அடைத்தது புழு, பறந்தது குளவி. நடுவில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை, ஆகவே வேதாந்தத்துக்கு உதாரணமாகிவிட்டது. 'ஏலியன்' கதையை எழுதிய டான் ஓபானனுக்கு யோசனை கொடுத்தவற்றில் இந்த மாதிரிக் குளவிகளும் உண்டு. அவர் பார்த்தது நடுவில் நடப்பதை. அதனால் அவருக்கு வேதாந்தம் கிட்டவில்லை, பேய்ப் படம் கிட்டியது.

ஓபானன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குக் குடலில் 'க்ரோன்ஸ்' என்கிற தீராத வியாதி. உள்ளேயிருந்து ஏதோ கிழித்துக்கொண்டு வெளியே வருவது போன்ற வலி. அந்த வலியைத்தான் சாப்பாட்டு மேஜைக் காட்சியாக எழுதினார். 2009-ல் அந்த வியாதியிலேயே காலமானார். இன்னொன்றும் செய்தார். படத்தில் முதலில் 'கர்ப்பம்' தரிப்பது ஒரு ஆண். ஜான் ஹர்ட் நடித்த கேன் என்கிற பாத்திரம். தியேட்டரில் உட்கார்ந்திருக்கிற ஆம்பிளைகளைக் கால் மேல் கால் போட்டு இறுக்கிக்கொள்ள வைக்க வேண்டும் என்பதுதான் தன் உத்தேசம் என்று பிற்பாடு அவரே பேசியிருக்கிறார். அந்தக் காட்சி எடுத்த அன்று, மற்ற நடிகர்களுக்கு ஏதோ ஒன்று வெளியே வரப்போகிறது என்று தெரியும். எவ்வளவு ரத்தம் தெறிக்கும் என்று தெரியாது. வெரோனிகா கார்ட்ரைட் என்கிற நடிகையின் முகத்திலேயே அடித்தது. அவர் அலறியது நடிப்பு இல்லை.

என் மனைவியிடம் இதையெல்லாம் சொன்னதற்கு, "ஒரு ஆம்பிளை பிள்ளை பெத்தா அது உலகப் பிரசித்தம். தெருவுக்கு நாலு பேர் நாங்க பெத்துக்கறோம், அதைப் போஸ்டர் ஒட்டறதில்லே" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஸ்கேன் சென்டர் வாசலில் அந்தப் போர்டு. கருவிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிவிப்பது சட்டப்படி குற்றம். ஒரு டிரெய்லர் ரசிகனாக அதைப் படித்தபோது எனக்கு மரியாதையே வந்தது. க்ளைமாக்ஸைச் சொன்னால் ஜெயில் என்று சட்டம் போட்டிருக்கிற ஒரே டிரெய்லர் இதுதானே? (சட்டம் வந்த காரணம் சிரிக்கிற காரணம் இல்லை. பெண் என்று தெரிந்தால் கலைக்கிற ஊராக நாம் இருந்தோம். முழுக்கத் திருந்திவிட்டோம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.)

கணவர் உள்ளே வரலாம் என்றார்கள். இருட்டறை. திரை. சாம்பல் நிறத்தில் ஏதோ கலங்கியது. இந்தக் கருவிக்கே ஒரு கதை உண்டு. இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியை அனுப்பிக் கண்டுபிடிக்கிற தொழிற்சாலை யந்திரத்தைப் பார்த்து, 'இதை ஏன் மனுஷ வயிற்றில் வைத்துப் பார்க்கக் கூடாது?' என்று கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயன் டொனால்டுக்குத் தோன்றியது. 1958-ல் அவரும் சகாக்களும் முதல் படங்களை வெளியிட்டார்கள். பாய்லர் தகட்டுக்கு வைத்தியம் பார்த்த யந்திரத்தின் வம்சம்தான் நம் வீட்டுப் பிள்ளைக்கு முதல் போட்டோ எடுக்கிறது. இதை நான் அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்கக் காரணம், திரையைப் பார்க்காமல் இருப்பதற்கு வேறு ஏதாவது நினைத்தாக வேண்டியிருந்தது.

"அப்பா, இங்கே பாருங்க" என்றார் டாக்டரம்மா. என்னைத்தான் 'அப்பா' என்றார். புரிய இரண்டு செகண்டு ஆயிற்று.

பார்த்தேன். முதுகெலும்பு ஒரு சீப்பு மாதிரி வளைந்து கிடந்தது. ஒரு கை முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. நெஞ்சுப் பக்கம் ஒரு சின்னப் புள்ளி திறந்து மூடித் திறந்து மூடி... டாக்டரம்மா ஒரு பட்டனை அழுத்த, அறை முழுக்க அந்தச் சத்தம். குதிரை ஓடுகிற மாதிரி. எந்த சவுண்ட் எஞ்சினியரும் அப்படி ஒன்றைப் போட்டதில்லை.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பனியன் கம்பெனி காலண்டர் ஒன்று தொங்கியது. அதை நன்றாகப் படித்தேன்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். வெளியே வந்து மோர் குடித்தோம். அவள் அன்றைக்கே தொட்டில் துணி வாங்கலாமா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன்.

இங்கேதான் என் பி.காம். வருகிறது. கணக்கியலில் முன்னெச்சரிக்கை மரபு என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். வரப்போகிற லாபத்தைக் கணக்கில் எடுக்காதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு மட்டும் இப்போதே ஒதுக்கி வை. வாராக்கடன், ஐயக்கடன் என்று தனித்தனியாக ஒதுக்குவோம். மூன்று வருஷம் இதைப் படித்தவன் வாழ்க்கையில் எதையும் சந்தோஷமாக எதிர்பார்க்க முடியாது சார். ஆச்சரியம் என்னவென்றால், காமர்ஸ் பக்கமே போகாத அம்மாவும் அதே கொள்கைதான். "பொறக்கறதுக்கு முன்னாடி எதுவும் வாங்கக் கூடாதுடா." மாமியாரும் அதே. ஆக, வீட்டில் மூன்று ஆடிட்டர்கள், ஒரே ஒரு கர்ப்பிணி.

அவள்தான் ஒருநாள் ராத்திரி விளக்கை அணைத்தபின் சொன்னாள்: "போன தடவையும் நாம ஒண்ணும் வாங்கலை. வாங்காததாலே என்ன மிச்சமாச்சு?"

நான் பதில் சொல்லவில்லை. தூங்கிவிட்ட மாதிரி கிடந்தேன். மறுநாள் கடைக்குப் போய், சாயம் போகாத பருத்தியாகப் பார்த்து, தொட்டில் துணி இரண்டு வாங்கி வந்து பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. குளவிக் கூட்டிலிருந்து அதற்குள் ஏதோ பறந்துபோய்விட்டிருந்தது. ஓரத்தில் ஒரு ஓட்டை.

ஜூனில் 'ரோமுலஸ்' முழு டிரெய்லர் வந்தது. அவள் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டில் இருந்தாள். டிரெய்லரைத் தனியாகப் பார்த்தேன். நோட்டில் இரண்டு வரிதான் எழுத வந்தது. ரப்பர் பொம்மை, யந்திரப் பொம்மை எல்லாம் வைத்து நிஜமாகவே செய்திருக்கிறார்கள், 1986-ல் இரண்டாம் பாகத்துக்கு வேலை செய்த கலைஞர்களையே திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் அபிப்பிராயம் வரவில்லை. ராத்திரி எந்நேரமும் போன் வரலாம் என்று அதைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்தேன். விளம்பர மெசேஜ் வந்தாலும் எழுந்து உட்கார்ந்தேன்.

படம் அமெரிக்காவில் ஆகஸ்ட் 16. இந்தியாவில் 23. எங்களுடையது அதற்கு முன்பே ரிலீஸ்.

1979 போஸ்டரில் முட்டைக்குக் கீழே ஒரு வரி உண்டு. விண்வெளியில் அலறினால் யார் காதிலும் விழாது என்கிற அர்த்தத்தில். பார்பரா கிப்ஸ் என்ற அம்மாள் எழுதியது. போஸ்டர் வரைந்த பிலிப் கிப்ஸின் மனைவி. லேபர் வார்டு வராந்தா அப்படி இல்லை. அங்கே எல்லாம் கேட்கும். பதினொரு மணி நேரம் கேட்டேன். நடுவில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் மோசம். மாமனார் ஒரு தினசரியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தார். நான் சுட்டிக்காட்டவில்லை.

நர்ஸ் வந்து, "பொண்ணு. அம்மா நல்லா இருக்காங்க" என்றார். துணிச்சுருளைக் கையில் கொடுத்தார். மாவு பூசிய மாதிரி வெள்ளை, நசுங்கின மூக்கு, நீண்டுபோன மண்டை. சத்தியமாகச் சொல்கிறேன், சுவிட்சர்லாந்துக்காரர் கீகர் வரைந்த ஏலியனுக்கும் மண்டை இப்படித்தான் பின்னால் நீண்டிருக்கும். வரும் வழியில் அழுந்தி அப்படி ஆவது சகஜம், சில நாளில் சரியாகிவிடும் என்றார்கள். ஆகிவிட்டது. மாமி சொன்னது ஆண். குளவி சார்பில் அவர் வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை.

தியேட்டரில் படம் பார்க்கிற கேள்வியே எழவில்லை. பிற்பாடு ஓ.டி.டி.யில் வந்ததும் வீட்டிலேயே பார்த்தோம். தவணை முறையில். குழந்தை தூங்குகிற இருபது நிமிஷம், இருபத்தைந்து நிமிஷமாக ஐந்து ராத்திரி. சவுண்டு நாலில். பேய்ப் படத்தை சவுண்டு நாலில் பார்த்திருக்கிறீர்களா? அலறுகிறவர்கள் எல்லாம் ரகசியம் பேசுகிற மாதிரி இருக்கும்.

(படம் பார்க்காதவர்கள் அடுத்த நாலு பாராவைத் தாண்டிவிடவும்.)

முதல் தவணையில் எனக்குப் பிடித்தது கம்பெனிதான். சூரிய வெளிச்சமே விழாத ஒரு சுரங்கக் காலனி. ரெயின் என்கிற பெண், ஒப்பந்தப்படி வேலை நேரத்தை முடித்துவிட்டேன், போக அனுமதி கொடுங்கள் என்று கேட்கிறாள். கணக்கை உயர்த்திவிட்டோம், இன்னும் சில வருஷம் பாக்கி என்கிறது கம்பெனி. 1979 படத்திலும் மெக்கானிக்குகள் இரண்டு பேர் போனஸில் தங்கள் பங்கு போதாது என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் பார்த்தால் அந்தக் கப்பலில் ஜந்துவுக்குத்தான் மதிப்பு, ஆட்கள் தள்ளுபடிக் கணக்கு. இந்தப் படங்களில் அமிலம் வடிகிற பிராணியை விட பேலன்ஸ் ஷீட் எழுதுகிறவர்தான் பயங்கரம் என்பது என் நீண்டநாள் அபிப்பிராயம்.

நாலாவது ராத்திரிதான் வந்தது. நான் பார்த்த டீசர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்தக் கூட்டத்தில் கே என்று ஒரு பெண். அவள் கர்ப்பிணி. அடிபட்டு, பிழைக்க வழியில்லாமல், பரிசோதனைச் சாலையில் தயாரித்த மருந்து ஒன்றைத் தனக்குத் தானே போட்டுக்கொள்கிறாள். அதற்குப் பிறகு பிரசவம். பிறப்பது என்ன என்று எழுதப் போவதில்லை. அது மளமளவென்று வளர்ந்து நிற்கும்போது ஏழரை அடிக்கு மேல் இருக்கிறது. ருமேனியாவின் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒருவருக்கு வேஷம் போட்டிருக்கிறார்கள், கிராபிக்ஸ் ஆள் அல்ல.

நான் ரிமோட்டைத் தேடினேன். அவள் அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இரு, இரு. பார்க்கலாம்" என்றாள். வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அந்தப் பெண் வலியில் துடிக்கிறாள், மற்றவர்கள் என்ன பிறக்கிறது என்பதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை. இவள் முகத்தைப் பார்த்தேன். பயம் இல்லை. கோபம் மாதிரி ஏதோ ஒன்று இருந்தது.

காட்சி முடிந்ததும் கேட்டேன், "பயமா இருந்துச்சா?"

"அதுகிட்ட என்ன பயம்? அந்தப் பொண்ணுகிட்ட ஒருத்தராவது வந்து, 'வலிக்குதாம்மா, கையைப் பிடிச்சுக்கோ'ன்னு சொன்னாங்களா பார்த்தீங்களா? எனக்கு அந்த நர்ஸம்மா சொன்னாங்க. பதினொரு மணி நேரமும் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அவங்க பேரைக்கூட நான் கேக்கலை."

கொஞ்ச நேரம் கழித்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: "முதல் தடவைக்கும் யாராவது ஒரு பேரு வச்சிருக்கலாம்."

இரண்டு வருஷத்தில் அவள் அதைப் பற்றி இப்படிப் பேசியது அதுதான் முதல் முறை. அந்த ராத்திரி தவணையை அதோடு நிறுத்திக்கொண்டோம். டி.வி.யை அணைத்தபின் அவள் ஒரு பெயர் சொன்னாள். நானும் ஒன்று வைத்திருந்தேன், சொன்னேன். இரண்டும் வேறு வேறு. எது என்று முடிவாவதற்குள் தொட்டிலில் சிணுங்கல். யார் எழுந்து போவது என்பதில் சிறு தகராறு நடந்து, வழக்கப்படி நான் எழுந்தேன்.

கடைசித் தவணையை மறுநாள் பார்த்தோம். நோட்டில் வலது பக்கம் எழுதியிருக்கிறேன்: 'முதல் பாதி பிரமாதம். பழைய படத்து வசனத்தைத் திரும்பச் சொல்ல வைத்த இடங்கள் தேவையில்லை. 2020-ல் காலமான இயன் ஹோமின் முகத்தைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்து ஒட்டியது மனசுக்கு ஒப்பவில்லை. கே பாத்திரத்துக்கு இன்னும் ரெண்டு காட்சி கொடுத்திருக்கலாம்.' கடைசி வரி என்னுடையது அல்ல. அவள் நோட்டைப் பிடுங்கி எழுதியது. எழுதிவிட்டு, அடுத்த டிரெய்லர் வந்தால் தன்னையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள்.